ஈஸ்ட் சவ்வில் நகராத புள்ளிகள்

கியூர்பிப் டீச்சர்:
வணக்கம். எச்.எஸ்.சி. மாணவர்களுக்கு உயிரியல் எடுக்கிறேன். போன வாரம் செல் சவ்வுப் பாடம். 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த மாதிரியைப் பலகையில் வரைந்து, "கொழுப்பு மூலக்கூறுகள் எண்ணெய் போல அசையும், புரதங்கள் அதில் மிதக்கும்" என்று சொன்னேன். ஒரு மாணவி போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒளிரும் புரதம் சேர்த்த ஈஸ்ட் செல். ஓரமெல்லாம் பொட்டுப் பொட்டாகப் பச்சை. பல நிமிடம் ஓடியும் ஒரு பொட்டும் இடம் மாறவில்லை. "மிதந்தால் கலைந்து பரவியிருக்க வேண்டாமா மிஸ்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவளுக்குச் சரியான பதில் கொடுக்க ஆசைப்படுகிறேன். நாம் கடையில் லெவீர் என்று கேட்டு வாங்கும் அதே ரொட்டி ஈஸ்ட்தானே? அதன் சவ்வில் என்ன இருக்கிறது?

ரெதுயி பழைய மாணவன்:
டீச்சர், அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். முதுகலை படித்தபோது இந்தப் பொட்டுகளைப் பற்றித்தான் இரவும் பகலும் படித்தேன்.

பொட்டாகத் தெரிவது உண்மையில் ஒரு பள்ளம். கரும்பு நடச் சால் இழுப்போமே, அந்த வடிவம். நீளம் 200 முதல் 300 நானோமீட்டர், ஆழம் 50 நானோமீட்டர் அளவு. உறைய வைத்து உடைத்த ஈஸ்ட்டில் மூரும் மூலெதாலரும் 1963-இலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதைப் பார்த்துவிட்டார்கள். எதற்கு இருக்கிறது என்ற கேள்விக்குத்தான் நாற்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

சவ்வுக்கு அடியில், செல்லின் உள்பக்கம், பில்1, எல்எஸ்பி1 என்று இரண்டு புரதங்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கி நிற்கின்றன. இரண்டும் வாழைப்பழம் போல வளைந்தவை. சவ்வு அந்த வளைவுக்கேற்ப மடிகிறது. இந்த அடுக்குக்கு ஐசோசோம் என்று பெயர். வளர்ந்த செல் ஒன்றில் சில பத்து இருக்கும். பொட்டு நகராமல் இருப்பது இந்த அடுக்கால்தான். பில்1 மரபணுவை நீக்கினால் சால்கள் போய்விடும், அங்கே கூடியிருந்த புரதங்கள் ஓரமெங்கும் பரவிவிடும். உங்கள் மாணவி எதிர்பார்த்தாளே, அதே காட்சி.

சாலுக்குள் கூடும் புரதங்களில் ஒன்று கேன்1, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை உள்ளே விடும் வாசல். பெயர் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். தம்பட்டை அவரை இனத்து விதைகளில் கேனவனின் என்ற நச்சு உண்டு. அது ஆர்ஜினின் சாயலில் இருப்பதால் இதே வாசலில் நுழைந்து ஈஸ்ட்டைக் கொல்லும். வாசல் பழுதான ஈஸ்ட் மட்டும் பிழைக்கும். அப்படித்தான் இந்தப் புரதம் அடையாளமானது. புரோட்டானை வெளியே தள்ளும் பிஎம்ஏ1 பம்ப், சவ்வில் மிக அதிகமாக இருப்பது, சாலுக்குள் வருவதில்லை. சாலைச் சுற்றிய இடம் அதனுடையது.

2006-இல் ஐசோசோமைப் பெயரிட்டு விவரித்தவர்கள், சவ்வுப் புரதங்களைச் செல் உள்ளிழுக்கும் இடம் இது என்றுதான் நினைத்தார்கள். 2008-இல் வந்த ஆய்வு நேர்மாறாகக் காட்டியது. சாலுக்குள் இருக்கும் வாசல் சிதைக்கப்படாமல் பத்திரமாக இருக்கிறது. ஆர்ஜினின் வந்ததும் கேன்1 சாலிலிருந்து வெளியேறுகிறது, பிறகுதான் உள்ளிழுக்கப்படுகிறது. பஞ்ச காலத்துக்கு வாசலைச் சேமித்து வைக்கும் குதிர் என்று நான் நினைத்துக்கொள்வேன். இந்தத் திருத்தத்தையும் வகுப்பில் சொல்லுங்கள் டீச்சர், அறிவியல் எப்படி நடக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

ரம் ஆலை லேப்:
தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தச் சால்களில் எர்கோஸ்டீரால் கூடுதலாகத் தேங்கியிருக்கிறது. நம் உடம்பில் கொலஸ்டிரால் செய்யும் வேலையை ஈஸ்ட்டில் அதுதான் செய்கிறது. அதைத் தயாரிக்க ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றே இல்லாமல் வளர்த்தால் எர்கோஸ்டீராலை நாம்தான் ஊட்ட வேண்டும் என்று 1953-இலேயே காட்டிவிட்டார்கள். கரும்புப் பாகைப் புளிக்க வைக்கும் முன், விதை ஈஸ்ட் தொட்டியில் நாங்கள் காற்று ஊதுவது இதனால்தான். எர்கோஸ்டீரால் போதாவிட்டால், சாராயம் ஏற ஏறச் சவ்வு ஒழுகும், புரோட்டான் உள்ளே கசியும், பிஎம்ஏ1 பம்ப் ஓயாமல் உழைக்கும். ஊதுகுழாய் அடைத்துப்போன தொட்டி நாலாம் நாள் சர்க்கரையை மிச்சம் வைத்து நின்றுவிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கியூர்பிப் டீச்சர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் 1972 மாதிரி தவறா? இந்தச் சால்களை வகுப்பில் காட்ட முடியுமா?

ரெதுயி பழைய மாணவன்:
தவறில்லை டீச்சர். கொழுப்பு மூலக்கூறுகள் அசைகின்றன, கேன்1 கூட உள்ளே வந்து வெளியே போகிறது. நிலைத்து நிற்பது அடியிலுள்ள அடுக்கு மட்டும்.

பள்ளி நுண்ணோக்கியில் சால் தெரியாது. ஆனால் சவ்வின் அருமையைக் காட்டலாம். குருணையாக வரும் உலர் ஈஸ்ட்டை ஒரு தம்ளர் பிரிட்ஜ் தண்ணீரிலும், இன்னொரு தம்ளர் 40 டிகிரி வெந்நீரிலும் பத்து நிமிடம் ஊற விடுங்கள். காய்ந்த சவ்வு குளிர்நீரில் சீராக முடியாமல் உள்ளிருப்பதைக் கசிய விடும். இரண்டிலும் ஒரு துளி மெதிலீன் நீலம். செத்த செல் நீலமாகவே நிற்கும், உயிருள்ளது நிறத்தைப் போக்கிவிடும். அந்தப் பெண்ணையே எண்ணச் சொல்லுங்கள். கிடைத்த எண்ணிக்கையை இங்கே எழுதினால் மகிழ்வேன்.