கொல்லிமலை ஆகாய கங்கை: 62 வயது அம்மாவால் இறங்கி ஏற முடியுமா?

கேள்வி (காவிரிக்கரை)

கார்த்திகை மாதக் கடைசியில் திருச்சியிலிருந்து காரில் கிளம்புகிறோம், இரண்டு நாள் பயணம். நாங்கள் இருவர், 8 வயதுப் பையன், 62 வயது அம்மா. அம்மாவுக்கு லேசான மூட்டு வலி உண்டு, மற்றபடி தினமும் நடப்பவர். மூன்று சந்தேகங்கள். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகளை அம்மா சமாளிப்பாரா? மேப்பில் புளியஞ்சோலை ரொம்பப் பக்கத்தில் தெரிகிறதே, அந்த வழியாக ஏற முடியுமா? மலைச்சாலையின் 70 கொண்டை ஊசி வளைவில் பையன் வாந்தி எடுக்காமல் இருக்க என்ன செய்வது?

பதில் 1 (படிக்கணக்கு)

முதலில் படிகள். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து அருவி வரை ஆயிரத்துக்கும் மேல். ஒரு படி அரை அடிதான் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 500 அடி ஆழம், அதாவது ஐம்பது மாடிக் கட்டடம். அதுவும் எல்லாப் படியும் ஒரே உயரம் கிடையாது. நாலு படி சின்னதாக வரும், ஐந்தாவது முழங்கால் வரை தூக்க வைக்கும். கால் ஒரு தாளத்துக்குப் பழகவே விடாது. அதனால்தான் தினமும் நடக்கிறவர்களும் இங்கே திணறுகிறார்கள்.

இன்னொன்று, ஏறுவதை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மூட்டு தேய்ந்தவர்களுக்கு வில்லங்கம் இறங்குவதில். ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடை முழுக்க மடங்கிய முட்டியில் விழுகிறது. பாதி வழியிலேயே தொடை நடுங்க ஆரம்பிக்கும். அதற்குமேல் இறங்கிவிட்டால் கீழே வாகனமும் வராது, வேறு பாதையும் கிடையாது. ஏறித்தான் ஆக வேண்டும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சோதனை: மூன்று மாடியை ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள், நடுநடுவே உட்கார்ந்துகொள்ளலாம். மறுநாள் காலை முட்டி வீங்கியிருந்தாலோ மடக்க வலித்தாலோ ஆகாய கங்கை வேண்டாம். மாசிலா அருவிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே படிகள் குறைவு, பெரியவர்களும் பயமில்லாமல் குளிக்கலாம்.

சோதனையில் தேறினால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி இறங்கச் சொல்லுங்கள். இன்னொரு கையில் ஊன்றுகோல். நூறு படிக்கு ஒரு நிறுத்தம். இறங்க முக்கால் மணி, ஏற ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு கூடவே கூடாது. கடைசிப் படிகள் சாரலில் எப்போதும் ஈரமாக, பாசி பிடித்திருக்கும்.

பதில் 2 (ஐயாறு)

மேலே சொன்னது அத்தனையும் சரி. தண்ணீரைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் நீங்கள் போவது மழைக்காலத்தில்.

ஆகாய கங்கையில் விழுவது ஐயாறு என்ற ஆறு. கொல்லிமலை மேலே விரிந்த சமவெளி. அங்கே வயல்களிலும் தோட்டங்களிலும் பெய்கிற மழை ஓடைகளாகச் சேர்ந்து இந்த ஒரே இடத்தில் 300 அடி விழுகிறது. அருவியடியில் வெயில் அடிக்கும்போதே மேலே கொட்டிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் திடீரென்று கனத்தாலோ அந்த நிமிஷமே பையனைத் தூக்கிக்கொண்டு படிப்பக்கம் ஏறிவிடுங்கள். பையை எடுக்கிறேன், துணியை எடுக்கிறேன் என்று பாறைக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

வெள்ளம் அதிகமானால் வனத்துறை இறங்கவே விடாது. அதனால் அருவியை முதல் நாள் காலையிலேயே வையுங்கள். மூடியிருந்தால் மறுநாள் இன்னொரு வாய்ப்பு இருக்கும். மாலையில் போனாலும் இறங்க விடமாட்டார்கள்.

விழுகிற இடத்துக்கு நேர் கீழே நிற்க ஆசைப்படாதீர்கள். தள்ளி நின்றாலே ஐந்து நிமிஷத்தில் முழுக்க நனைத்துவிடும், சாரல் ஊசி மாதிரி முகத்தில் குத்தும், கண்ணைத் திறக்க முடியாது. போனை ஜிப் கவரில் போடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலைமிட்டாய், அவ்வளவு போதும். கையில் கேரி பேக் தொங்கவிடாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். எல்லாம் முதுகுப் பைக்குள் இருக்கட்டும்.

பதில் 3 (கொண்டை ஊசி)

புளியஞ்சோலை விஷயம்: மேப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். புளியஞ்சோலை மலையடிவாரம், துறையூர், உப்பிலியபுரம் வழியாகப் போகிற இடம். அங்கிருந்து மேலே கார் ரோடு இல்லை. காட்டுக்குள் செங்குத்தான நடைபாதைதான், அதுவும் காப்புக்காடு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாகிவிட்டன. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் நுழையக் கூடாது. பையனையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு அதை யோசிக்கவே வேண்டாம். நடக்க ஆசையாக இருந்தால், மலைமேல் உள்ள செம்மேடு ஊரைச் சுற்றிக் காப்பி, மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே போகிற ஊர்ச்சாலைகள் போதும், காலையில் பனியோடு நன்றாக இருக்கும்.

கார் போக வேண்டிய வழி நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, பிறகு மலையடிவாரத்தில் காரவள்ளி. டேங்கைக் கீழேயே நிரப்பிவிடுங்கள். காரவள்ளியிலிருந்து வளைவுகள் ஆரம்பம், ஒவ்வொன்றிலும் 1/70, 2/70 என்று எண் போட்டிருக்கும். பையனுக்கு ஏறுவதற்கு ஒன்றரை மணி முன்னால் இரண்டு இட்லி, எண்ணெய்ப் பலகாரமும் பாலும் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிடுங்கள், போனைக் கொடுக்காதீர்கள், வளைவு எண்ணை எண்ணச் சொல்லுங்கள். பார்வை வெளியே இருந்தாலே பாதிக் குமட்டல் குறையும். இருபது வளைவுக்கு ஒருமுறை அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள்.

பஸ் வளைவில் ரோடு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். எதிரே ஹார்ன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், உள்ளே போய் மாட்டிக்கொண்டால் ரிவர்ஸ்தான். இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். கருகின வாடை வந்தாலோ பெடல் மெத்தென்று உள்ளே போனாலோ ஓரங்கட்டி அரை மணி ஆறவிடுங்கள். சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும்.

காவிரிக்கரை

நன்றி. புளியஞ்சோலையை விட்டுவிட்டோம். மாடிச் சோதனை இந்த ஞாயிறு. தேறாவிட்டால் நாங்கள் இறங்கி வரும்வரை அம்மா மேலே இருக்க இடம் உண்டா?

படிக்கணக்கு

கோயிலிலேயே இருக்கலாம். ஆனால் நீங்கள் இறங்கி, குளித்து, ஏறி வர மூன்றரை மணி நேரம் ஆகும், நடுவில் போன் சிக்னலை நம்ப முடியாது. திரும்பும் நேரத்தை முதலிலேயே சொல்லிவிட்டு இறங்குங்கள். மருந்து, சாப்பாடு, கார் சாவி மூன்றும் அம்மா கையில் இருக்கட்டும்.