புல்தரையை உடைக்க ரொட்டவேட்டர் மட்டும் போதுமா? (லிம் சூ காங், அரை ஏக்கர்)

லிம்சூகாங் தோட்டக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். லிம் சூ காங்கில் ஒரு கீரைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். ஊர் அறந்தாங்கிப் பக்கம். அப்பா மாட்டை வைத்து ஏர் ஓட்டியவர். நான் டிராக்டரில் ஏறி உட்கார்ந்ததே சிங்கப்பூர் வந்த பிறகுதான், சொன்னால் ஊரில் சிரிப்பார்கள்.

தோட்டத்தின் பின்பக்கம் அரை ஏக்கர் பல வருஷமாகச் சும்மா கிடக்கிறது. பாதி கவ் கிராஸ் என்கிற தரைப்புல், பாதி இடுப்பு உயர லாலாங் புல். மேடும் பள்ளமுமாக இருப்பதால் மழை பெய்தால் ஐந்தாறு இடத்தில் குட்டை கட்டும். கொசு வந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று முதலாளிக்குப் பயம். சித்திரைக்குள் அங்கே பாத்தி போட வேண்டும் என்கிறார்.

கையில் இருப்பது 24 எச்.பி. பழைய குபோட்டா டிராக்டர், சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் 4 அடி ரொட்டவேட்டர், தரையைச் சமப்படுத்தப் பின்னால் மாட்டும் லெவலர் பிளேடு. போன வாரம் ரொட்டவேட்டரை இறக்கினேன். மண்ணுக்குள் போகாமல் குதிக்கிறது, வண்டியையே முன்னால் தள்ளுகிறது. பத்து நிமிஷத்தில் தண்டு முழுக்கப் புல் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டது. அடியில் படுத்து அரிவாளால் அறுத்தே அரை நாள் போனது. உடைந்த இடத்தில் பிளேடைப் போட்டு இழுத்தால் தரை அலை அலையாக ஆகிவிட்டது. முன்பு இருந்ததே தேவலை.

வேறு கலப்பை வாங்க வேண்டுமா, இல்லை நான் ஓட்டுகிற விதம்தான் தப்பா?

பழைய டிரைவர்:

தம்பி, மன்னார்குடியில் பதினோரு வருஷம் வாடகை டிராக்டர் ஓட்டினேன். இப்போது துவாஸில் எக்ஸ்கவேட்டர். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஒரு திட்டு வாங்கிக்கொள். ரொட்டவேட்டருக்கு அடியில் படுப்பதென்றால் என்ஜினை அணைத்து, சாவி உன் சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஹைட்ராலிக் தூக்கிப் பிடித்திருக்கிறதே என்று நம்பாதே, கட்டை முட்டுக் கொடு. அந்த எண்ணெய்க் குழாய் எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரொட்டவேட்டர் கத்தி சுற்றுவது வண்டிச் சக்கரம் சுற்றும் அதே பக்கம்தான். பொலபொலப்பான மண்ணில் அது இறங்கிக் கிளறும். கெட்டித் தரையில் இறங்க முடியாமல் மேலே ஓடி வண்டியைத் தள்ளும். நீ பார்த்தது அதுதான். அது கடைசியில் வர வேண்டிய ஆள், நீ முதல் ஆளாக அனுப்பிவிட்டாய்.

இன்னொரு கெடுதலும் இருக்கிறது. லாலாங் மண்ணுக்குள் வெள்ளையாக, கணு கணுவாக வேர்க்கிழங்கு ஓட்டி வைத்திருக்கும். கத்தி அதை ஐம்பது துண்டாக்கினால் ஐம்பது இடத்தில் முளைக்கும். நம்மூரில் கோரையையும் அருகையும் ரொட்டவேட்டர் போட்டுப் பெருக்கிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டி வாரி வெளியே போடு. மண்ணைப் புரட்டிப்போடும் ஒற்றை இறக்கைக் கலப்பை எங்காவது இரவல் கிடைக்குமா பார். 24 எச்.பி. அதைத் தாராளமாக இழுக்கும். ஆறு அங்குல ஆழம், புல் முகம் கீழே போகும்படி புரட்டு. படைச்சாலை, அதாவது உழுகிற சாலை, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் ஆரம்பிக்காதே, நடுவில் மேடும் ஓரத்தில் வாய்க்காலும் நீயே உண்டாக்கிவிடுவாய். இரண்டு வாரம் மக்க விடு. அதற்கப்புறம் ஐந்து கொத்துக் கலப்பையைக் குறுக்கே ஓட்டு. அது எதையும் வெட்டாது, சீப்பு மாதிரி வாரும். லாலாங் வேர் நூல் நூலாக மேலே வரும். நாலு நாள் வெயிலில் காயவிட்டுப் பொறுக்கு. இறக்கைக் கலப்பை கிடைக்காவிட்டால் கொத்துக் கலப்பையாலேயே நேரும் குறுக்குமாக மூன்று நாலு தடவை ஓட்டினாலும் உடையும், டீசல்தான் கூடச் செலவாகும்.

மண்ணின் ஈரப்பதம் முக்கியம். கைப்பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டு. பென்சில் கனத்துக்கு உடையாமல் திரி மாதிரி உருண்டால் அன்றைக்கு வண்டியை எடுக்காதே, அந்தச் சிவப்புக் களி கட்டி கட்டியாகக் காய்ந்து செங்கல் ஆகிவிடும். இங்கே பிப்ரவரியில்தான் மழை கொஞ்சம் ஓயும். அதை விட்டுவிடாதே.

இனி சமப்படுத்துவது. பிளேடு வண்டியின் முதுகோடு சேர்ந்து இருக்கிறது. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் பிளேடு கீழே குத்தும், பின்சக்கரம் ஏறினால் பிளேடு தூக்கும். ஒரு மேடு இரண்டாகும். அதுதான் உன் அலை. பிளேடால் பெரிய மேட்டை மட்டும் சுரண்டிப் பள்ளத்துக்குக் கொண்டு போ. வண்டியையும் பிளேடையும் மேலே இணைக்கும் டாப் லிங்கின் நீளத்தை மாற்றி, முனை எவ்வளவு கடிக்க வேண்டும் என்று சரிசெய்துகொள். சுரண்டி முடிந்ததும் பிளேடைக் கழற்றி வைத்துவிட்டுப் பரம்பு அடி. எட்டு அடி நீளத்தில் இரண்டு கனத்த சட்டம், நடுவே ஐந்தடி இடைவெளி விட்டு ஏணி மாதிரி அடித்து, சங்கிலி போட்டு இழு. சங்கிலியில் வருவதால் வண்டி ஆடினாலும் பரம்பு ஆடாது. முன்சட்டம் மேட்டை வழிக்கும், பின்சட்டம் பள்ளத்தில் நிரப்பும். நேராக ஒரு தடவை, கோணலாக ஒரு தடவை. கடைசியில் மூன்று அங்குலம் மட்டும் ரொட்டவேட்டர், பின் தகட்டை இறக்கி வைத்து.

மேட்டைச் சுரண்டும்போது மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கிவிட்டு, அடிமண்ணைச் சமப்படுத்தி, திரும்ப மேலே பரப்பு. இல்லாவிட்டால் மேடு இருந்த இடத்தில் கீரை மஞ்சளாகவே நிற்கும்.

ஈசூன் அத்தை:

தம்பி, எனக்கு டிராக்டர் தெரியாது. எங்கள் புளோக் சமூகத் தோட்டத்தில் லாலாங்கோடு இரண்டு வருஷம் சண்டை போட்டவள் நான். நிழல் விழுந்தால் அது தளர்ந்துபோகும். பொறுக்கி முடித்த இடத்தில் சர்க்கரைவள்ளிக் கொடியை நெருக்கமாக ஊன்றிவிடு. கொடி மூடிவிட்டால் அதற்கு மூச்சு முட்டும். கீரையும் பறித்துக்கொள்ளலாம். இங்கே சந்தையில் அந்த இலைக்குக் கிராக்கி உனக்கே தெரியும்.

சைட்டு சேஃப்டி:

மேலே அண்ணன் உழவைச் சொல்லிவிட்டார். நான் வேறு இரண்டு சொல்கிறேன். ஆழமாகத் தோண்டி மண்ணை மாற்றுவதாக இருந்தால், முதலில் நிலத்தடிக் கேபிளைக் கண்டறியும் உரிமம் உள்ள ஆளை வைத்துப் பாருங்கள். அடுத்தது சேற்று நீர். ஒரு லிட்டரில் 50 மில்லிகிராமுக்கு மேல் மண் கலந்த நீர் பொதுக் கால்வாய்க்குப் போகக் கூடாது, இது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. திறந்த மண்ணில் ஒரு மழை போதும், கால்வாய் தேத்தண்ணி நிறமாகிவிடும். கால்வாய் ஓரம் மூன்றடிக்குப் புல்லை உடைக்காமல் விட்டு, சேற்றைத் தடுக்கத் துணிவேலி கட்டுங்கள்.

கலப்பையில் பெரிய இரும்பு தட்டினால் இறங்கி ஆட்டிப் பார்க்க வேண்டாம், போலீசைக் கூப்பிடுங்கள். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் 100 கிலோ போர்க்கால வெடிகுண்டு ஒரு கட்டுமான இடத்தில்தான் கிடைத்தது.

பழைய டிரைவர்:

குண்டு கிடைக்கிறதோ இல்லையோ, பழைய வேலிக் கம்பி கட்டாயம் கிடைக்கும். ஓட்டுமுன் நடந்து பார்த்துப் பொறுக்கிவிடு தம்பி.

ஒன்று விட்டுவிட்டேன். தரையைத் தட்டு மாதிரி சமமாக்காதே, அது நெல் வயலுக்கு. இங்கே நூறடிக்கு ஒரு அடி சாய்வு கொடு. கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் இரண்டு பேர் பிடித்தால் போதும்.

லிம்சூகாங் தோட்டக்காரன்:

அண்ணே, அத்தை, எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

இறக்கைக் கலப்பை கிடைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சீன அங்கிள் துருப்பிடித்த ஐந்து கொத்துக் கலப்பை ஒன்றைக் கொடுத்தார். கூலி கேட்டதற்கு நூறு கங்கோங் கீரை நாற்று போதும் என்றார். நாலு தடவை ஓட்டினேன். லாலாங் வேர் மட்டும் பதினேழு கோணி. வேலிக் கம்பி கிடைத்தது, அண்ணன் வாக்கு பலித்தது. கூடவே ஒரு பழைய தையல் மிஷினின் சக்கரம், கம்பத்து (பழைய கிராமக் குடியிருப்பு) காலத்தில் அங்கே யாரோ குடியிருந்திருப்பார்கள் போல. அதைக் கழுவி ஷெட்டில் மாட்டி வைத்திருக்கிறேன்.

பரம்பு முதல் நாள் உடைந்தது. லாரிப் பலகையில் செய்திருந்தேன், ஆணி பிடுங்கிக்கொண்டது. இரண்டாவது தடவை போல்ட் போட்டு, மேலே இரண்டு மண் மூட்டை வைத்து இழுத்தேன். அலை போய்விட்டது. வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அப்பா பரம்புப் பலகையில் என்னை உட்காரவைத்து மாட்டை ஓட்டியது ஞாபகம் வந்தது. மூட்டைக்குப் பதில் நான்.

புதன்கிழமை விடியற்காலை பெரிய மழை. குடையோடு போய் நின்று பார்த்தேன். தண்ணீர் மேற்கே இறங்கிப் புல் ஓரத்தில் வடிந்துவிட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பாய் அளவுக்குக் குட்டை. முதலாளி தினமும் லாரி நிறுத்துகிற இடம் அது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.