அவசரம்: ஊசியை விழுங்கிவிட்டாள், வாந்தி எடுக்க வைக்கலாமா?

சாளைவாசி (சனி, இரவு 7.42)
வணக்கம். ரோஸி ஊசியை விழுங்கிவிட்டாள். உப்புக் கரைசல் கொடுத்தால் வாந்தியில் வந்துவிடும் என்று பக்கத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) சொல்கிறார்கள். கரைத்து வைத்திருக்கிறோம். கொடுக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓவர்லாக் (7.45)
ஏனுங்க, ரோஸி யாருங்க? குழந்தையா, நாயா?

ரெண்டு நாய்க்காரி (7.46)
யாராக இருந்தாலும் அந்த உப்புத் தண்ணீரை முதலில் கீழே கொட்டுங்கள். கூர்மையான பொருளை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உள்ளே போகும்போது குத்தாத ஊசி, வேகமாகத் திரும்பி வரும்போது உணவுக்குழாயில் குத்தி நிற்கும். உப்பு அதிகமானால் அதுவே நாய்க்கு விஷம், வலிப்பு வரும்.

கொட்டிவிட்டு வந்து சொல்லுங்கள்: எவ்வளவு பெரிய நாய்? எத்தனை மணிக்கு விழுங்கியது? விழுங்கியதைக் கண்ணால் பார்த்தீர்களா, அல்லது ஊசியைக் காணோம் என்று சந்தேகமா?

கேனைன் குரு (7.51)
புதிதாக வருகிறவர்கள் இந்த மன்றத்தின் மேலே ஒட்டியிருக்கும் விதிகளைப் படிப்பதே இல்லை. இனம், வயது, எடை, நேரம், பொருள் என்று ஐந்து விவரம் கேட்டிருக்கிறோம். இதில் ஒன்றுதான் வந்திருக்கிறது, அதுவும் பாதி. பதினோரு வருடமாக இதே கதை. குட்டியிலிருந்து கூண்டுக்குள் இருக்கப் பயிற்சி கொடுத்திருந்தால் இந்த உரையாடல் இழையே தேவைப்பட்டிருக்காது.

ஓவர்லாக் (7.53)
மெஷின் ஊசியா, கை ஊசியா? மெஷின் ஊசி என்றால் முழுசா, உடைந்த முனையா? அது முக்கியம்.

வாழைத்தோப்பு (7.55)
பதற வேண்டாம். வாழைத்தண்டை இடித்துச் சாறு பிழிந்து கால் டம்ளர் ஊற்றுங்கள். சோற்றில் முடி போய்விட்டால் எங்கள் ஆத்தா அதைத்தான் கொடுப்பார். முடியையே கரைக்கும் என்பார்.

ஓவர்லாக் (7.56)
முடி இருக்கட்டுங்க. இரும்பையும் கரைக்குமா?

சாளைவாசி (8.04)
கொட்டிவிட்டோம். நாய்தான், எழுத மறந்துவிட்டேன். லேப்ரடார் கலப்பு, ஏழு மாதம், பதினைந்து கிலோ இருப்பாள். ஆறரை மணி வாக்கில் நடந்தது. அம்மிச்சி (அம்மாவின் அம்மா) திண்ணையில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் செய்துகொண்டிருந்தார். வழுக்கிக்கொண்டு போவதற்காக ஊசியை அவ்வப்போது தலைமுடியில் தேய்ப்பார், தேங்காய் எண்ணெய் வாசம் ஒட்டியிருக்கும் போல. கீழே விழுந்ததும் நக்கினாள், ஒரே முழுங்கு. அம்மிச்சி பார்த்துவிட்டார். கை ஊசிதான். எங்கள் சாளை ஊதியூர்ப் பக்கம்.

மூணாவது வருஷம் (8.07)
ஊசியில் நூல் கோர்த்திருந்ததா?

இன்னொன்று, அதன் பிறகு ஏதாவது தின்னக் கொடுத்தீர்களா?

சாளைவாசி (8.13)
நூலோடுதான். ஒரு முழம் இருக்கும் என்கிறார் அம்மிச்சி. தயிர்சாதம் பிசைந்து, நடுவில் இரண்டு பூவன்பழம் வைத்துக் கொடுத்தோம், ஊசியைச் சுற்றிக்கொள்ளட்டும் என்று. நன்றாகத் தின்றாள். வாலை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அப்படியானால் ஒன்றும் இல்லைதானே?

மூணாவது வருஷம் (8.24)
நான் கால்நடை மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கிறேன், நாமக்கல்லில். டாக்டர் இல்லை, படிப்பதைச் சொல்கிறேன்.

வால் ஆட்டுவதை நம்பாதீர்கள். முதல் சில மணி நேரம் ஊசி விழுங்கிய நாயும் சாதாரணமாகத்தான் இருக்கும்.

வெறும் ஊசி என்றால் கொஞ்சம் தைரியம் சொல்லலாம். கூர்முனை குடல் சுவரில் பட்டால் அந்த இடம் பின்வாங்கிக்கொள்ளும், ஊசி திரும்பிக்கொண்டு காதுப் பக்கம் முன்னால் போகப் பார்க்கும். அப்படி நிறைய ஊசிகள் மலத்தோடு வெளியே வந்துவிடுகின்றன. சில ஊசிகள் இரைப்பையைக் குத்திக்கொண்டு வெளியேறிக் கல்லீரல் வரைக்கும் போகும்.

நூல் இருந்தால் கதை வேறு. பாவாடை நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு துணியைத் தள்ளினால் எப்படிச் சுருங்கும்? குடலும் அப்படித்தான். நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பை குடலோடு சேரும் வாயிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனையைக் குடல் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். குடல் கொசுவம் கொசுவமாகச் சுருங்கி, நடுவில் இறுகி நிற்கும் நூல் அதை அறுக்க ஆரம்பிக்கும்.

இப்போதே செய்ய வேண்டியது: டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். கடிக்காது என்றால் மட்டும் நாக்கைத் தூக்கி அடியிலும் பாருங்கள். நூல் தெரிந்தாலும் இழுக்காதீர்கள், அது வாயானாலும் சரி, நாளைக்குப் பின்பக்கம் தொங்கினாலும் சரி. இதற்கு மேல் ஒரு வாய் சோறுகூட வேண்டாம். மனிதர்களுக்கான வலி மாத்திரை, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். எக்ஸ்ரே இருக்கும் இடத்துக்கு இன்று இரவே போங்கள். அதே பெட்டியிலிருந்து அதே அளவு ஊசி ஒன்றையும் அதே நூலில் கொஞ்சத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். ஊசி எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், நூல் தெரியாது. நூல் இருக்கிறது என்று நீங்கள் வாயால் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

வாழைத்தோப்பு (8.27)
பூவன்பழம் கொடுத்தது தப்பா? பாலில் பஞ்சை நனைத்துக்கூடக் கொடுப்பார்களே, ஊசியைச் சுற்றிக்கொள்ளும் என்று.

மூணாவது வருஷம் (8.31)
டாக்டரே கிடைக்காத இடத்தில் அப்படிச் செய்து பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் ஊசி இப்போது பெரும்பாலும் இரைப்பையில்தான் இருக்கும். அங்கே இருக்கும்போதே வாய் வழியாகக் குழாய் விட்டு, எண்டோஸ்கோப்பி செய்து எடுத்துவிட்டால் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. அதற்கு மயக்கம் கொடுக்க வேண்டும். வயிறு நிறையச் சோறு இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து. போதாததற்குத் தயிர்சாதத்துக்குள் ஊசியைத் தேட வேண்டும். பஞ்சு கொடுத்தால் பஞ்சையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும்.

கொறங்காடு (8.34)
தம்பி சொல்வது சரிதான். ஆனால் மாட்டுக்கு இதே பிரச்சினை வந்தால் ஒரு காந்தத்தை வாயில் போட்டு விழுங்க வைப்பார்கள். ஆணி, கம்பி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு அப்படியே கிடக்கும், இதயத்தைக் குத்தாது. நாய்க்கும் சின்னக் காந்தமாகப் போட்டால் என்ன?

கேனைன் குரு (8.38)
மாடு அசைபோடும் பிராணி, வயிற்றில் நான்கு அறை. காந்தம் இரண்டாவது அறையில் விழுந்து ஆயுளுக்கும் அங்கேயே தங்கும். நாய்க்கு ஒரே இரைப்பை, போட்ட காந்தம் குடலுக்குள் போகும். ஊசி ஒரு வளைவில், காந்தம் அடுத்த வளைவில் என்று இரண்டும் ஒன்றையொன்று இழுத்தால் நடுவில் மாட்டும் குடல் நசுங்கி ஓட்டையாகும். ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

ரெண்டு நாய்க்காரி (8.40)
சொன்னது சரி. கடைசி வரியை விட்டிருக்கலாம் குரு.

சாளைவாசி (8.41)
நாக்கடியில் நூல் எதுவும் தெரியவில்லை. சித்தப்பா காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். திருப்பூரில் ஒரு டாக்டர் போனை எடுத்தார், எக்ஸ்ரே இருக்கிறதாம், வரச் சொன்னார். கிளம்புகிறோம்.

ரெண்டு நாய்க்காரி (8.43)
நல்லது. எக்ஸ்ரே தொண்டையிலிருந்து பின்பக்கம் வரை முழுசாக எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் ஒன்று, மல்லாக்கப் போட்டு ஒன்று. என் பெரியவனுக்கு ஒரே கோணத்தில் எடுத்துவிட்டு இரைப்பையில் இருக்கிறது என்றார்கள். இன்னொரு கோணத்தில் பார்த்தால் கோழி எலும்பு குடலுக்குப் போயிருந்தது.

பைபாஸ்காரர் (8.52)
1962-க்கு அடிக்கலாமே? கால்நடை ஆம்புலன்ஸ்.

மூணாவது வருஷம் (8.55)
அடிப்பதில் தப்பில்லை. ஆனால் இது எக்ஸ்ரே வேண்டிய கேஸ், நாயைக் காரில் போட்டுக்கொண்டு போவதுதான் வேகம். பகல் என்றால் அவர்களுக்கு உடுமலை கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரம்தான், தாராபுரம் வழியாகப் போகலாம்.

கொறங்காடு (9.06)
குருவுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் நாற்பது வருடமாகக் காங்கேயம் மாடு வைத்திருக்கிறேன், ஒன்றுகூடக் கம்பி தின்று சாகவில்லை. ஜெர்சிதான் கண்டதையும் தின்னும். நாட்டு மாடு பொறுக்கித்தான் மேயும்.

மூணாவது வருஷம் (9.15)
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். எந்த மாடும் நாக்கால் வளைத்துப் பிடுங்கி, மெல்லாமல் விழுங்கிவிட்டு அப்புறம்தான் அசைபோடும். வாய்க்குள் போன பிறகு கம்பியைப் பிரித்துத் துப்ப அதற்குத் தெரியாது. உங்கள் மாடு தப்பித்ததற்கு மேய்ச்சல் நிலம் காரணமாக இருக்கலாம்.

கொறங்காடு (9.22)
அதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும்தான். சுற்றிலும் கிளுவை வேலி, உயிர்வேலி. கம்பி எங்கிருந்து வரும்? இப்போது பங்காளிகள் பாகம் பிரித்துக் கிளுவையை வெட்டிவிட்டு முள்கம்பி இழுக்கிறார்கள். போன வருடம் கம்பி கட்டிய ஆட்கள் வெட்டிப் போட்ட துண்டுகளை நானே ஒரு சட்டி பொறுக்கினேன்.

பைபாஸ்காரர் (9.25)
கிளுவை நட்டால் வளர எத்தனை வருடம்? கம்பி ஒரே நாளில் முடிந்துவிடும். யதார்த்தம் பேசுங்கள்.

கொறங்காடு (9.29)
போத்தை (கிளையை) வெட்டி ஊன்றினால் தானாகத் துளிர்க்கும். உங்கள் கம்பி துருப்பிடிக்கும்போது என் வேலி இன்னும் தடித்திருக்கும்.

ஓவர்லாக் (9.40)
வேலி ஒருபக்கம் இருக்கட்டும். பனியன் கம்பெனியில் ஊசி உடைந்தால் என்ன பாடு தெரியுமா? எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால்தான் ஸ்டோரில் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தால் அந்த பண்டில் முழுக்க நீடில் டிடெக்டருக்குள், அதாவது ஊசியைக் கண்டுபிடிக்கும் மெஷினுக்குள், போகும். வெளிநாட்டுக் குழந்தையின் சட்டைக்கு அவ்வளவு காவல். நம் வீட்டில் ஊசி திண்ணையில் கிடக்கிறது. என் வீட்டிலும் அப்படித்தான், யாரையும் குறை சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். ரோஸியை அந்த டிடெக்டரில் விட்டுப் பார்த்தால்?

கேனைன் குரு (9.44)
நாயைக் கன்வேயரில் ஏற்றப் போகிறாராம். இந்த இழை எங்கே போகிறது?

மூணாவது வருஷம் (9.50)
அவ்வளவு கிண்டல் வேண்டாம். குழந்தைகள் காசு விழுங்கினால் கையடக்க மெட்டல் டிடெக்டரை வைத்துப் பார்ப்பது மருத்துவத்தில் உண்டு. ஆனால் மெல்லிய ஊசிக்கு அதை நம்ப முடியாது. எந்த இடத்தில், எந்தப் பக்கம் முனை என்பதும் தெரியாது. எக்ஸ்ரேதான். காந்தத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது ஐயா. டாக்டர் காத்திருந்து பார்க்கலாம் என்று சொன்னால், வரும் மலத்தை ஒரு பாலிதீன் பையில் அள்ளி வெளியிலிருந்து காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். இரும்பு ஊசி இருந்தால் இழுக்கும்.

கொறங்காடு (9.53)
அப்படிச் சொல்லுங்க தம்பி.

இழைக் காவலர் (10.10)
வேலி விவாதத்தைத் தோட்டம் பகுதிக்கு மாற்றுகிறேன். சாளைவாசி திரும்பி வரும்வரை இங்கே நாய் மட்டும்.

ரெண்டு நாய்க்காரி (ஞாயிறு, காலை 8.15)
சாளைவாசி, என்ன ஆயிற்று? வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தால் எச்சில் ஒழுக்குவது, ஓயாமல் முழுங்குவது, வாந்தி, வயிற்றைத் தொட்டால் முனகுவது, சோறு வேண்டாம் என்பது, தார் மாதிரிக் கறுத்த மலம், இதில் எது வந்தாலும் உடனே திரும்பப் போங்கள்.

வாழைத்தோப்பு (11.30)
தண்டுச் சாறு கொடுத்தார்களா என்றும் தெரியவில்லை.

ஓவர்லாக் (மதியம் 2.05)
ஒரு வரியாவது போடுங்க சாமி.

சாளைவாசி (மாலை 5.48)
மன்னிக்கவும், போனில் சார்ஜ் இல்லை. எடுத்தாயிற்று. ராத்திரி எக்ஸ்ரேயில் ஊசி இரைப்பையில்தான் இருந்தது. தயிர்சாதத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். வயிறு காலியாகட்டும் என்று ராத்திரி அங்கேயே வைத்திருந்தார். வெள்ளன மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுத்தார், ஊசி நகரவில்லை. கோயமுத்தூருக்கு அனுப்பினார், எண்டோஸ்கோப்பியில் நூலோடு வந்துவிட்டது. நூல் முழுசாக வந்ததா என்று மூணாவது வருஷம் தம்பி கேட்பார் என்று தெரியும். அளந்து பார்த்தார்கள், முழம் சரியாக இருந்தது. ரோஸி தூங்குகிறாள்.

எக்ஸ்ரேயில் ஒரு ஜாக்கெட் ஹூக்கும் தெரிந்தது. அதை எப்போது தின்றாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அது குடலுக்குப் போய்விட்டதாம், சின்னது, தானே வந்துவிடும், பார்த்துக்கொண்டே இருங்கள், மூன்று நாளில் வராவிட்டால் மறுபடி படம் எடுக்கலாம் என்கிறார்கள்.

பைபாஸ்காரர் (5.55)
மொத்தம் எவ்வளவு செலவு ஆயிற்று?

கேனைன் குரு (6.02)
நல்லது. இனியாவது ஒரு கூண்டு வாங்குங்கள்.

மூணாவது வருஷம் (6.10)
முழம் சரி என்பதைக் கேட்டதும்தான் நிம்மதி. தொண்டை உரசியிருக்கும், டாக்டர் சொல்லும்வரை கெட்டியான சோறு வேண்டாம்.

சாளைவாசி (புதன், காலை 7.20)
ஹூக் வந்துவிட்டது. பாலிதீன் பையும் அப்பாவின் பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தமும். கொறங்காடு ஐயாவுக்கு நன்றி.

ஓவர்லாக் (7.31)
ஊசி, ஹூக் ரெண்டையும் டேப் போட்டு ஒட்டி வைத்தீர்களா?

சாளைவாசி (7.58)
அம்மிச்சி காலண்டர் அட்டையில் ஒட்டிவிட்டார். புது ஊசி வேண்டுமென்றால் அதைக் காட்ட வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.