தாத்தாவோட ரஷ்ய மெடல் ஒரிஜினலா, எப்படி பாக்கறது?

பழையபெட்டி:
எங்க அம்மா ரஷ்யாக்காரங்க, அப்பா அங்க படிக்கப் போன இடத்துல கல்யாணம். ரெண்டு பேருமே இப்ப இல்ல. போன வாரம்தான் அம்மாவோட டிரங்குப் பெட்டிய திறந்தேன், கர்ச்சீப்புல முடிஞ்சு ரெண்டு மெடல் இருந்துச்சு. ஒண்ணு செகப்பு எனாமல் நட்சத்திரம், பின்னால துப்பாக்கியும் வாளும் குறுக்க, சுத்தி வெள்ளிக் கதிர், முதுகுல திருகு, 7 இலக்கத்துல நம்பர். இன்னொண்ணு சாதா பித்தளை வட்டம், நம்பரே இல்ல, ஆலிவ் பச்சை ரிப்பன் நடுவுல மெல்லிசா செகப்புக் கோடு. அத நான் பாக்கறதுக்குள்ள எங்க அத்தை புளி போட்டு பளபளன்னு தேச்சு வச்சுட்டாங்க. தாத்தா ஸ்டாலின்கிராட்ல சண்ட போட்டு அந்த நட்சத்திரத்த வாங்கினார்னு அம்மா சொல்வாங்க. நெட்ல பாத்தா போலியா கெடக்கு, அதான் பயம். எனக்கு ரஷ்யன் ஒரு எழுத்து தெரியாது.

நாணயக்கிறுக்கன்:
போட்டோ பாத்தேன். மொதல்ல அத்தைய நிறுத்துங்க, வெள்ளிய விபூதி போட்டு தேய்க்க ஆரம்பிச்சுடப் போறாங்க 😄 நட்சத்திரம் தேசபக்தப் போர் விருது, ரெண்டாம் வகுப்பு (ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனியோட நடந்த சண்டைய அங்க அப்படித்தான் சொல்வாங்க). நம்பர் கையால வெட்டினதுதான், கோடு ஏத்த எறக்கமா இருக்கு பாருங்க. வார்ப்புல எடுத்த போலியில நம்பரும் சேந்தே வந்துடும், பள்ளம் மொழுமொழுன்னு இருக்கும். என் கண்ணுக்கு ஒரிஜினல். ஆனா கதைதான் இடிக்குது. இந்த விருத 1942 மே மாசம் ஆரம்பிச்சாங்க, மொதல்ல ரிப்பன்லதான் தொங்கும், திருகு வந்தது 1943 ஜூன்ல, ஸ்டாலின்கிராட் சண்ட அந்த பிப்ரவரியிலயே முடிஞ்சு போச்சு. அதவிட 7 இலக்க நம்பர்னா அது போர்க்காலத்துதே இல்ல. வெற்றியோட 40வது ஆண்டுக்கு 1985ல, உயிரோட இருந்த முன்னாள் வீரர்களுக்கெல்லாம் திரும்ப அடிச்சுக் குடுத்தாங்க, அந்த வகை.

பழையபெட்டி:
அப்போ அம்மா சொன்னது பொய்யா? மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க.

வோல்கா டாக்டர்:
அவசரப்படாதீங்க ப்ரோ, எல்லாரும் நட்சத்திரத்தையே பாக்கறீங்க. நான் வோல்கோகிராட்லதான் எம்பிபிஎஸ் படிச்சேன், 1961 வரைக்கும் அந்த ஊர் பேரே ஸ்டாலின்கிராட்தான், அங்க மியூசியத்துல அந்த பச்சை ரிப்பன பாத்துப் பாத்து கண்ணுல நிக்குது. உங்க பித்தளை வட்டம்தான் ஸ்டாலின்கிராட் பாதுகாப்பு மெடல். 1942 டிசம்பர் 22ல அறிவிச்சாங்க, ஏழரை லட்சம் பேருக்கு மேல குடுத்தாங்க, எல்லாமே பித்தளை, எதுலயும் நம்பர் கெடையாது. முன்பக்கம் துப்பாக்கியோட வீரர்கள் வரிசையா நிக்கறாங்களா பாருங்க. அம்மா சொன்னது நெசம், மெடல்தான் மாறிப்போச்சு.
நம்பர் இல்லாததால மெடல வச்சு ஆளத் தேட முடியாது, பேர வச்சுதான் தேடணும். ரஷ்ய பாதுகாப்பு அமைச்சகத்தோட பாமியத் நரோதான்னு ஒரு சைட் இருக்கு, இலவசம்தான். தாத்தாவோட குடும்பப் பேர், சொந்தப் பேர், அவரோட அப்பா பேர், பொறந்த வருஷம் நாலையும் ரஷ்ய எழுத்துல அடிங்க. அப்பா பேர் ரொம்ப முக்கியம், இல்லேன்னா ஒரே பேர்ல நூறு இவான் வந்து நிப்பாங்க.

சந்தைவிலை:
வித்தா எவ்ளோ வரும்?

நாணயக்கிறுக்கன்:
1985 வகை லட்சக்கணக்குல கெடக்கு, பெருசா ஒண்ணும் தேறாது. ரஷ்யாவுக்கு எடுத்துட்டுப் போய் விக்கலாம்னு நெனச்சுடாதீங்க, சோவியத் விருத வாங்கறதும் விக்கறதும் அங்க கிரிமினல் குத்தம், சட்டப்பிரிவு 324.

பழையபெட்டி:
விக்கறதுக்கு கேக்கலைங்க. டாக்டர் சொன்ன மாதிரி அம்மாவோட பழைய பாஸ்போர்ட்ட எடுத்து அதுலேருந்து தாத்தா பேர ஒவ்வொரு எழுத்தா பாத்து அடிச்சேன், மூணாவது தடவைல வந்துடுச்சு, 1985 விருதோட கார்டு, பொறந்த ஊரு அம்மா சொன்ன அதே கிராமம். அப்புறம் பெட்டி அடில விரிச்சிருந்த பேப்பருக்குக் கீழ நாலா மடிச்ச ஒரு சின்னச் சீட்டு, வயலட் ரப்பர் ஸ்டாம்ப், மசி பரவிக் கெடக்கு, 1943ன்னு மட்டும் எனக்குப் புரியுது. போட்டோ போடறேன் டாக்டர், படிச்சு சொல்லுங்க.
அத்தைகிட்ட விஷயத்த சொன்னேன். “அய்யய்யோ, வெறும் பித்தளைதானேன்னு தேச்சுட்டேனேடா”ன்னு அத முந்தானைல தொடச்சுக்கிட்டே இருக்காங்க.