பத்தாண்டு ஓடிய டீசல் டஸ்டரை வாங்கலாமா? பழுதும் செலவும்

வைகைக்கரை:
மதுரையில் ஒருவர் தம்முடைய ரெனோ டஸ்டரை 3,80,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். 85 பி.எஸ். (குதிரைத்திறன்) டீசல் வண்டி, 2015ஆம் ஆண்டுப் பதிவு, 1,28,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கொடைக்கானல் மலையில் உள்ள எங்கள் தோட்டத்துக்கு மாதம் இருமுறையாவது போய்வர வேண்டும். கடைசி நான்கு கிலோமீட்டர் வெறும் கல்பாதை என்பதால், 205 மி.மீ. தரை இடைவெளி உள்ள இந்த வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது. வாங்கிய பிறகு என்னென்ன செலவு வரும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெய்தல்:
வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசல் டஸ்டர் நின்றுபோனது. 2022இல் பெட்ரோல் வண்டியும் நின்றது. நீங்கள் பார்த்திருக்கும் வண்டியோ, பெரிய செலவுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து வரும் கட்டத்தில் இருக்கிறது. டைமிங் பெல்ட்டும் (என்ஜினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் பட்டை) வாட்டர் பம்பும் மாற்ற 14,000, கிளட்ச் செட்டுக்கு 20,000, சஸ்பென்ஷன் எனும் அதிர்வு தாங்கும் அமைப்பின் புஷ், லிங்க் ராட், ஷாக் அப்சார்பர் வகையில் 18,000, நான்கு டயருக்கு 32,000 என்று வெளிப் பணிமனைக் கணக்கில் தோராயமாகப் போட்டாலே 84,000 ரூபாய் ஆகிறது. விற்பவர்கள் இந்தக் கணக்கை ஒருபோதும் சொல்வதில்லை. மாதம் இருமுறை மலையேறுகிறவருக்கு டீசல் மிச்சத்தால் இந்தத் தொகை திரும்பி வரவே வராது.

பட்டறை மணி:
நெய்தல் ஐயா சொன்ன தொகைகளில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. அவர் வந்து சேரும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. டயரும் புஷ்ஷும் எந்த வண்டியிலும் தேய்வதுதான். இந்த வண்டியில் உள்ள 1461 சி.சி. கே9கே என்ஜின், நிஸ்ஸான் சன்னி, டெரானோ, ரெனோ லாட்ஜி ஆகியவற்றிலும் வந்ததே. ஆகவே என்ஜின் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. 85 பி.எஸ். வண்டியின் டர்போவில் (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) 110 பி.எஸ். வண்டியில் உள்ளதுபோல் அசையும் இறகுகள் கிடையாது என்பதால், கரி படிந்து இறுகும் தொல்லையும் குறைவு.

பயப்பட வேண்டிய இடம் டைமிங் பெல்ட் ஒன்றுதான். ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் தீராது. செலவு பெல்ட்டின் விலையைப் போலப் பல மடங்காகும். பெல்ட் மாற்றிய ரசீதை முதலில் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது.

வைகைக்கரை:
ரசீது இருக்கிறது. 2019இல், 71,000 கிலோமீட்டரில் பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் மாற்றியிருக்கிறார்கள். வாட்டர் பம்ப் அதில் இல்லை.

நெய்தல்:
அந்த ரசீதே என் பக்கம் பேசுகிறது. கிலோமீட்டர்க் கணக்கில் பெல்ட்டுக்கு இன்னும் ஆயுள் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் ரப்பர் ஆண்டுக்கணக்கிலும் பழசாகும், நின்ற இடத்திலேயே விறைத்து வெடிக்கும். வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது. பழைய பம்பின் பேரிங் இறுகினால் புதிய பெல்ட்டும் போய்விடும். 2019இல் சில ஆயிரங்களை மிச்சம் பிடித்தவர்கள், டீசல் ஃபில்டரை மட்டும் வேளை தவறாமல் மாற்றியிருப்பார்கள் என்று எப்படி நம்புவது? டீசலில் தண்ணீர் கலந்து உயரழுத்தப் பம்ப் தேய்ந்தால், அதன் உலோகத் துகள், என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குள் போகும். புதிய இன்ஜெக்டர் நான்கும் மாற்றினால் 60,000 ரூபாயைத் தாண்டும். அதை ரசீது காட்டாது.

பட்டறை மணி:
ரசீது காட்டாது, உண்மைதான், சோதனை காட்டும். இன்ஜெக்டர்களிலிருந்து மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, நான்கு சிறு பாட்டில்களில் விட்டு, என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். நான்கிலும் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றால் நல்லது. ஒரு பாட்டில் மட்டும் வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, காலையில் உங்கள் கண்முன்னே முதல்முறையாக ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் அன்று திரும்பிவிடுங்கள். பிறகு ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள், ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. உங்கள் தோட்டப் பாதைக்கு இந்த வண்டியின் சஸ்பென்ஷனைப் போல் தாங்கக்கூடியது இந்த விலையில் அரிது. நான் பார்த்தவரை இதைத் தயங்காமல் சொல்வேன்.

நெய்தல்:
இவ்வளவு சோதனைக்கும் விற்பவர் சம்மதித்தால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. ஆனாலும் ஹெட்லைட், பம்பர், ஏ.சி. கட்டுப்பாட்டுப் பலகை போன்றவை சன்னியிலிருந்து கழற்றிப் போட முடியாதவை. மாடல் நின்ற வண்டிக்கு அவை கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். பதிவும் 2030இல் முடிகிறது. ஆகவே 3,80,000 அதிகம். பெல்ட், பம்ப், கிளட்ச் மூன்றின் செலவையும் கழித்து 3,46,000க்கு மேல் கொடுக்காதீர்கள்.

வைகைக்கரை:
பாட்டில் சோதனைக்கு ஒப்புக்கொண்டார். விலையைப் பற்றி அதன் பிறகு பேசலாம் என்கிறார். பெல்ட் மாற்றும் வரை மலையேற்றக் கூடாது என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன்.