துறைமுகம் நகர்ந்தால் ஊர் என்னவாகிறது? நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

ராயபுரம்வாசி

எங்கள் தெருவில் எந்த வீட்டில் கேட்டாலும் துறைமுகத்தில் ஒருவராவது வேலை பார்த்திருப்பார். என் அப்பா டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் அவரை விடவில்லை. கல்யாணப் பந்தியில் இலைகளை எண்ணிவிட்டுத்தான் உட்காருவார். 1983-இல் சென்னையில் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை போய்ப் பெட்டி வந்தது. நூறு பேர் சுமந்ததை ஒரு கிரேன் தூக்கியது. எண்ணுவதற்கும் அவ்வளவு ஆள் தேவைப்படவில்லை.

நான் ஒரு சுங்க முகவரிடம் எழுத்தராகச் சேர்ந்தேன். ஓர் ஐப்பசி இரவில், ஏற்றுமதிப் பெட்டியின் காகிதங்களோடு டிரெய்லரில் ஏறி எண்ணூர் விரைவுச்சாலையில் மாட்டிக்கொண்டேன். எர்ணாவூரில் நின்ற வண்டி மறுநாள் காலை வரை திருவொற்றியூரைத் தாண்டவில்லை. ஓட்டுநர் நாமக்கல்காரர். வண்டிக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். அந்தச் சாலையில் தள்ளுவண்டியில் டீ விற்ற பெரியவர் ஒருவர் இன்னொரு தொழிலும் செய்தார்: வரிசை நகர்ந்தால் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புவார். அதற்குப் பத்து ரூபாய். விடிந்து நாங்கள் வாயிலை அடைந்தபோது எங்கள் கப்பலுக்கான நேரம் முடிந்திருந்தது.

அன்று இரவு ஓட்டுநர் கேட்டார்: “கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஏன் தம்பி இவ்வளவு கருங்கல்?” எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம் கிழக்குக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கும். 1876-இல் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். சுவர் மணலை மறித்தது. அதன் தெற்கே சேர்ந்தது மெரினா. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடல் தின்றுகொண்டே வந்தது. என் பாட்டி விளையாடிய தெரு இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. மெரினாவில் சுண்டல் தின்கிறவர்கள் காலுக்கடியில் இருப்பது எங்கள் மணல் என்று நான் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

2001-இல் எண்ணூரில் புதுத் துறைமுகம் வந்தது. இன்று அதற்குக் காமராஜர் பெயர். பிறகு அதன் பக்கத்திலேயே காட்டுப்பள்ளி. நிலக்கரித் தூசு வழக்கில் உயர்நீதிமன்றம் 2011-இல் தடை விதித்தபின், கரி வடக்கே போனது. ராயபுரத்து மொட்டைமாடிகள் வெளுத்தன. ஆனால் எண்ணூரிலிருந்து வரும் மீன்காரம்மா ஒருமுறை என் மனைவியிடம் சொன்னார்: “உங்கள் வீட்டுக் கரி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது.” அதன் பிறகு நான் அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதில்லை.

சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை போட 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-இல் வேலை நின்றது. கூவத்துக்குள் பத்து ஆண்டு தூண்கள் மட்டும் நின்றன. 2022-இல் ஈரடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல். எனக்கு ஒரே சந்தேகம்தான்: சாலை முடிவதற்குள் சரக்கெல்லாம் வடக்கே போய்விட்டால் அந்தப் பாலத்தில் எது ஓடும்? வேறு ஊர்களில் துறைமுகம் நகர்ந்ததைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

துவாஸ் ஓட்டுநர்

அண்ணா, நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அதற்கு முன் இரண்டு ஆண்டு சென்னையில் டிரெய்லரில் கிளீனர். உங்கள் டீக்காரரிடம் நானும் காசு கொடுத்து எழுந்திருக்கிறேன்!

இங்கே பிரைம் மூவர் ஓட்டுகிறேன். கப்பலுக்கும் பெட்டி அடுக்கும் தளத்துக்கும் நடுவே ஓடும் வண்டி. தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி மூன்றும் நகரத்தின் மடியிலேயே இருக்கும் முனையங்கள். தஞ்சோங் பகாரில் 1972-இல் முதல் கன்டெய்னர் கப்பல் வந்தது. அதற்கு முன் கைச்சுமைக் காலத்தில் அங்கே உழைத்தவர்களில் நம்மவர்கள் நிறைய. கடையநல்லூர்க்காரர்கள் அந்தப் பகுதியில் குடியிருந்து, 1946-இல் உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியையே நடத்தத் தொடங்கினார்கள். இப்போது அங்கே ஐம்பது மாடி வீடுகள் நிற்கின்றன.

இந்த நகர முனையங்களை 2027-க்குள்ளும், இன்னொரு முனையமான பாசிர் பாஞ்சாங்கை 2040 வாக்கிலும், தீவின் மேற்கு முனையில் உள்ள துவாஸுக்கு மாற்றுவது திட்டம். துவாஸ் 2022-இல் முறைப்படி திறந்தது. முழுதும் முடிந்தால் ஆண்டுக்கு 6.5 கோடி பெட்டி கையாளுமாம், இருபதடிக் கணக்கில். 2024-இல் சிங்கப்பூர் முழுவதும் சேர்ந்தே நாலு கோடியைத்தான் சற்றுத் தாண்டியது. முதல் கட்டத்துக்கு மட்டும் 221 கான்கிரீட் பெட்டிகளைத் துறைச் சுவராகக் கடலில் இறக்கினார்கள். ஒவ்வொன்றும் பத்து மாடி உயரம்.

முதல் நாள் துவாஸுக்குள் போனபோது எனக்குப் பட்டது இதுதான்: சத்தம் இருந்தது, குரல் இல்லை. ஆள் இல்லாத வண்டிகள் வரிசை கலையாமல் போய் வருகின்றன. ஒன்றுக்கொன்று வழி விடுகின்றன. ஹார்ன் இல்லை, வசவு இல்லை. நான் ஓட்டும் வண்டியின் அடுத்த பிறவி அது. பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர், “பயப்படாதே, லாஷிங்குக்கு இன்னும் ஆள் வேண்டும்” என்றார். கப்பல் மேல் பெட்டிகளை இரும்புக் கம்பியால் இறுக்குகிற, தளர்த்துகிற வேலை. வெயில், மழை, உயரம் மூன்றும் உள்ள வேலையைத்தான் எந்திரம் இதுவரை நமக்கு விட்டுவைத்திருக்கிறது.

ஆனால் திட்டத்தில் எழுதியபடியே எல்லாம் நடக்கும் என்று நினைக்காதீர்கள். 2024-இல் செங்கடல் வழி அபாயமாகி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கால நேரம் தவறி மொத்தமாக இங்கே வந்து குவிந்தன. ஓய்வு கொடுத்திருந்த கெப்பல் தளங்களை மறுபடி திறந்தார்கள். நிலத்தை விற்றுவிட்டிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? பழைய துறைமுகத்தைக் காலி செய்யத் துடிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மார்த்தாண்டம்

துறைமுகம் எங்கள் ஊருக்கு வரவில்லை. எங்கள் மலைதான் துறைமுகத்துக்குப் போனது.

கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் எங்களுக்குப் பக்கம். 2024 ஜூலையில் முதல் பெரிய கன்டெய்னர் கப்பல் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். கரைக்கு அருகிலேயே இயற்கையாகப் பதினெட்டு மீட்டருக்கு மேல் ஆழம். கொழும்பில் இறக்கி ஏற்றும் சரக்கு இனி இங்கேயே வரும் என்றார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் கடலுக்குள் அந்தச் சுவரை எழுப்பக் கல் வேண்டுமே! விடியற்காலை நாலு மணிக்கு டிப்பர் லாரிகள் பாறைகளோடு எல்லை தாண்டும். குறுகிய சாலையில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நடுவே. கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் குன்றுகளில் ஒரு பக்கம் வெட்டிய அப்பம் போல நிற்பவற்றை யாரும் வந்து பார்க்கலாம்.

விழிஞ்ஞத்தில் 2022-இல் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். என் அத்தை மகன் கடற்கரை ஊரில் பெண் எடுத்தவன். மாமனாரோடு போய்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டு வந்தான். “சுவருக்கு வடக்கே வீடு போகிறது என்கிறோம், அவர்கள் வரைபடத்தைக் காட்டுகிறார்கள்” என்றான். ராயபுரம்வாசி எழுதியதைப் படித்ததும் அவனுக்கு அனுப்பினேன்.

எங்கள் மாவட்டத்திலேயே இனயத்தில் ஒரு துறைமுகம் என்று 2016-இல் பேசினார்கள். எதிர்ப்பு வந்தது. இடத்தை மாற்றிச் சொன்னார்கள். அங்கும் எதிர்ப்பு. இப்போது பேச்சில்லை. எங்களுக்குத் தூண்டில் வளைவு, அதாவது கரையைக் காக்கும் கல் தடுப்பு, கேட்டு மனு கொடுப்பதிலேயே காலம் போகிறது.

தோணிவீட்டு மருமகள்

தூத்துக்குடியில் இரண்டு துறைமுகம் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பெரியது 1974-இல் பெருந்துறைமுகமானது. பழையதில் இன்னும் மரத் தோணிகள் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றுகின்றன. என் மாமனார் தோணித் தண்டல், தோணியை நடத்திப் போகிறவர். புதுத் துறைமுகத்தின் பெரிய கிரேன்களைக் காட்டி யாராவது வியந்தால், “அது கரையில் நிற்பது. என்னுடையது போகும்” என்பார். அவருடைய இரண்டு மகன்களில் ஒருவரும் தோணி ஏறவில்லை. ஒருவர் கிரேன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கொச்சிக்கடை

எல்லோரும் துறைமுகம் தள்ளிப் போவதைப் பற்றி எழுதுகிறீர்கள். கொழும்பில் கடல் தள்ளிப் போனது.

நான் அந்தோனியார் கோயிலுக்குப் பின்னால் வளர்ந்தவன். என் அப்பப்பா புறக்கோட்டையில் நாட்டாமை. மூட்டை தூக்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஞாயிறு மாலையில் அவர் எங்களைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போய், தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைக் காட்டி, எது எந்த நாட்டுக் கொடி என்று கேட்பார். சரியாகச் சொன்னால் இறால் வடை.

2014-இல் துறைமுக நகரத்தைத் தொடங்கினார்கள். 269 ஹெக்டேயர் கடல், நிலமானது. நடுவில் ஆட்சி மாறி வேலை நின்று, மறுபடி தொடங்கி, 2019 தொடக்கத்தில் மண் நிரப்பி முடித்தார்கள். மண் எல்லாம் நீர்கொழும்புப் பக்கக் கடலடியிலிருந்து. அங்கே மீனவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். என் மகளை அதே இடத்துக்கு அழைத்துப் போனேன். வலப்பக்கம் முழுதும் வேலி, மணல், கிரேன். “கப்பல் எங்கே அப்பா?” என்றாள். இடப்பக்கம் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். இறால் வடை மட்டும் அப்படியே இருக்கிறது.

புதிய நிலத்தில் என்ன வரும் என்று கேட்டால் நிதி மையம், உல்லாசப் படகுத்துறை என்கிறார்கள். கொச்சிக்கடையிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். வேலைக்குப் போகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், காவல், துப்புரவு. வீடு வாங்கியவர் எங்கள் தெருவில் எவரும் இல்லை.

ஆனால் துறைமுகத்தை நான் வெறுக்கவில்லை. 2021-இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் எரிந்தபோது கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. நீர்கொழும்பில் சொந்தக்காரர்கள் கடலுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் மீன் இல்லை. அந்த மாதமும் என் அண்ணனுக்குத் துறைமுகத்திலிருந்துதான் சம்பளம் வந்தது. இதை எந்தப் பக்கம் எழுதுவது?

துவாஸ் ஓட்டுநர்

கொச்சிக்கடை ஐயா, உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுதாமல் இருந்தேன்.

ராயபுரம் அண்ணா, டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். அந்த டீக்காரர் இன்னும் இருக்கிறாரா?

ராயபுரம்வாசி

இருக்கிறார், ஆனால் எங்கள் பக்கம் இல்லை. வண்டிகள் பாதி காட்டுப்பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் அவரும் தள்ளுவண்டியை ஒரு குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மீஞ்சூர் போகும் வழியில், வல்லூர் பக்கம், சாலையின் இடது ஓரம். எழுப்பும் கட்டணம் இப்போது இருபது ரூபாய்.