ரேஞ்ச்ஃபைண்டர், மோனோக்ரோம்: கையேட்டுக்கு இரண்டு சொற்கள் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கப் பழக்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் வண்டி நின்றுவிட்டது.

முதலாவது ரேஞ்ச்ஃபைண்டர். லைகா எம் வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேல் ஓரத்தில் உள்ள தனிச் சன்னல் வழியாகப் பார்க்கிறோம். அதன் நடுவே சிறிய ஒளிக்கட்டம். குவியம் (ஃபோகஸ்) சரியில்லாதபோது அந்தக் கட்டத்துக்குள் பொருள் இரட்டையாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருக, ஒரு பிம்பம் நகர்ந்துவந்து மற்றதன்மேல் படியும். படிந்தால் குவியம் சரி.

அடுத்தது மோனோக்ரோம் உணரி. உணரி என்பது படச்சுருளுக்குப் பதிலாக ஒளியைப் பதியும் பாகம். வழக்கமான உணரியின் மேல் நிறத்தைப் பிரிக்கும் பேயர் வடிகட்டி இருக்கும்: பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, காலுக்குச் சிவப்பு, காலுக்கு நீலம். மோனோக்ரோம் உணரியில் அது இல்லை. வெளிச்சம் வீணாகாமல் விழுகிறது. பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நிறத்தைக் கணிக்கும் வேலையும் இல்லை என்பதால் நுணுக்கம் கூடுகிறது.

இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். 2012-ல் வந்த லைகா எம் மோனோக்ரோம் இரண்டும் சேர்ந்தது. 2023-ல் வந்த பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோக்ரோம் கண்ணாடி வைத்து லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர். அதில் ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது.

இப்போதைக்குத் தொலைவுமானிக் கேமரா, ஒருநிற உணரி என்று போட்டிருக்கிறேன். சரியா?

– செ.

———

> தொலைவுமானிக் கேமரா

மானி வடசொல். அளவி என்ற நல்ல தமிழ் இருக்கும்போது ஏன் கடன் வாங்க வேண்டும்? தொலைவளவி என்று வையுங்கள். கேமராவையும் படக்கருவி ஆக்கிவிடலாம்.

– இரா.

———

ஐயா, மானியை அவ்வளவு எளிதில் நாடு கடத்த முடியாது. வருமானம், பெறுமானம், கட்டுமானம் எல்லாம் தமிழ் வினையோடு ஒட்டி நிற்கின்றன. 'மா' என்பதே நம்மிடம் ஓர் அளவுப் பெயர். நிலத்தில் மா உண்டு, கீழ்வாயிலக்கத்தில் இருபதில் ஒரு பங்கு மா. மா, மானம், மானி என்று வேர் இங்கேயே ஓடுகிறது என்பது என் கட்சி. வெப்பமானியை ஏற்றுக்கொண்டவர்கள் இதற்கு மட்டும் கடவுச்சீட்டுக் கேட்பானேன்?

– மு.

———

> மா, மானம், மானி என்று வேர் இங்கேயே ஓடுகிறது

அந்தக் கணக்கில் மாம்பழத்தையும் அளவையில் சேர்த்துவிடலாம்.

– இரா.

———

வகுப்பில் இந்தக் கேமராவைக் கையில் கொடுத்துச் சொல்லித்தருகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். மானியா அளவியா என்பது இருக்கட்டும். தொலைவளவி என்றதும் மாணவர்கள் சன்னலுக்குள் எண்ணைத் தேடுகிறார்கள். "மீட்டர் எங்கே தெரியுது?" என்பதுதான் முதல் கேள்வி. அங்கே எண் எதுவும் இல்லை. இரண்டு பிம்பத்தை ஒன்றாக்குகிறோம், அவ்வளவுதான். முகத்தில் விழியோரம், சுவரில் சட்டத்தின் செங்குத்து விளிம்பு என்று கூரான கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வளையத்தைத் திருகச் சொல்வேன். வெற்றுச் சுவரில் கட்டத்தை வைத்தால் எது இரட்டை எது ஒற்றை என்றே தெரியாது. பெயர் இந்தச் செய்கையைச் சொல்ல வேண்டும்.

என் பரிந்துரை: இணைநோக்கி. தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் நிற்கும்.

– வெ.

———

அம்மா, இணைநோக்கி என்றால் பைனாகுலர் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு குழாயை இணைத்தது அதுதானே. அதோடு வினைத்தொகை என்று பிரித்தால், இணைத்த நோக்கியா, இணைக்கின்ற நோக்கியா, இணைக்கும் நோக்கியா?

– மு.

———

மூன்று காலத்துக்கும் பொதுவாக இருப்பதால்தானே ஐயா அது வினைத்தொகை! நேற்றும் இணைத்தது, நாளைக்கும் இணைக்கும்.

– வெ.

———

வரலாற்றையும் பார்த்துவிடுவோம். 1925-ல் லைகா விற்பனைக்கு வந்தபோது கேமராவுக்குள் இந்த உறுப்பு இல்லை. தனிக்கருவியை மேலே செருகிக்கொள்வார்கள். அது காட்டும் தொலைவைப் படித்து, அதே எண்ணை லென்ஸ் வளையத்தில் வைப்பார்கள். அது அசல் தொலைவளவிதான். 1932-ல் லைகா 2, கான்டாக்ஸ் இரண்டும் அந்த உறுப்பை லென்ஸோடு பிணைத்துவிட்டன. அன்றிலிருந்து எண்ணைப் படிக்கத் தேவையில்லை. உள்ளே நடப்பது இன்றும் தொலைவு அளப்புதான்: இரண்டு சன்னல்களுக்கு இடையே உள்ள இடைவெளி அடிப்பக்கம், பொருள் உச்சி, முக்கோணக் கணக்கு. ஆகவே பொறிக்குத் தொலைவளவி, பயன்படுத்துகிறவர் கண்ணுக்கு இணைநோக்கி. இரண்டும் இருக்கட்டுமே?

– த.

———

ஒரு பொருளுக்கு இரண்டு சொல் வைத்தால் கையேட்டில் மூன்றாவது சொல்லாக ரேஞ்ச்ஃபைண்டர் வந்து உட்கார்ந்துகொள்ளும். நேராக ரேஞ்ச்ஃபைண்டர் என்றே எழுதிவிட்டால் என்ன? கடையில் கேட்கப்போவது அந்தப் பேரைத்தானே.

– கா.

———

எழுதலாம் தம்பி. ஆனால் ரகரம் மொழிக்கு முதலில் வராது. ஆய்தம் குற்றெழுத்தை அடுத்துத்தான் வரும், சகர ஒற்றுக்குப் பின்னால் வராது. 'வடவெழுத் தொரீஇ' என்று தொல்காப்பியர் வடசொல்லுக்கு விதித்ததை இதற்கும் நீட்டினால் 'இரேஞ்சுபைண்டர்' வரும். அதைக் கடையில் கேட்டுப்பாருங்கள்.

– இரா.

———

இரண்டாவது சொல்லை யாரும் தொடவே இல்லை. ஒருநிற உணரி அடிப்படையிலேயே தவறு.

வண்ண உணரியில்தான் ஒவ்வொரு புள்ளியும் ஒரே நிறத்தை வாங்குகிறது. சிவப்புச் சில்லுக்குக் கீழே உள்ளது சிவப்பை மட்டும், பச்சைக்குக் கீழே உள்ளது பச்சையை மட்டும். மோனோக்ரோம் புள்ளியோ வந்த ஒளியை எல்லாம் வாங்கிக்கொண்டு, 'இவ்வளவு வெளிச்சம்' என்று மட்டும் சொல்கிறது. ஒருநிறம் என்ற பெயர் பேயர் உணரிக்குத்தான் பொருந்தும்! ஃபேஸ் ஒன் நிறுவனம் இதே வகை உணரிக்கு அக்ரோமேட்டிக் என்று, அதாவது நிறமற்றது என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. நாமும் நிறமிலி என்போம்.

– த.

———

> நிறமிலி

அறிவிலி, நெறியிலி, நிறமிலி. இரண்டு லட்சத்துக்கு மேல் கொட்டி வாங்குகிறவரைத் திட்டுவதுபோல இருக்கிறது.

– கா.

———

முடிவிலி என்று லென்ஸ் வளையத்தின் கடைசிக் குறியைச் சொல்கிறோமே, அது யாரைத் திட்டுகிறது?

நிறம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சங்க இலக்கியத்தில் நிறம் மார்புக்கும் ஆகும். வேல் நிறத்தில் பாயும். 'வண்ணம்' என்று போனாலும் அங்கே தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களோடு காத்திருக்கிறது, எல்லாம் சந்தம். கறுப்பை எடுத்தாலோ, 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று உரியியல். அடுத்த நூற்பாவில்தான் அவை நிறத்தையும் உணர்த்தும் என்று இறங்கிவருகிறார். ஆகவே கையேட்டில் கறுப்பு என்று வல்லின றகரமே இருக்கட்டும். கருப்பு என்றால் பஞ்சம் என்றும் பொருள் உண்டு.

– மு.

———

கறுப்பு வெள்ளை என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. 14 பிட் கோப்பில் 16,384 படிகள் இருக்கின்றன. இரண்டு ஓரத்தைத் தவிர மீதி எல்லாம் சாம்பல். இடைப்பட்ட அந்த நிறத்துக்கு நரை என்ற அழகான சொல் இருக்கிறது. நரைப்படம், நரையுணரி. யோசியுங்கள்.

– இரா.

———

ஐயா, என் மாணவர்களில் பாதிப் பேருக்கு இருபது வயது. நரையுணரி என்றால் கண்ணாடி முன்னால் போய் நிற்பார்கள்.

வகுப்பில் சண்டையே இல்லாமல் நிலைத்த ஒரு சொல் உண்டு: வெளுத்துப்போதல். வண்ண உணரியில் ஒரு நிறத் தடம் நிரம்பி வழிந்தாலும், மற்ற இரண்டில் மிச்சம் இருப்பதை வைத்து ஓரளவு மீட்கலாம். மோனோக்ரோமில் எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி. வெளிச்சப் பகுதி நிரம்பிவிட்டால் மீட்க எதுவும் இருக்காது. அதனால் ஒளியைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள், நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்கிறோம். முதல் நாளே ஒருவர், "மேடம், மேகம் வெளுத்துப்போச்சு" என்றார். அதற்கு மேல் யாரும் அகராதி புரட்டவில்லை.

வடிகட்டிக்கும் அப்படித்தான். வண்ணக் கோப்பில் வானத்தை மட்டும் கருக்க வேண்டுமென்றால் கணினியில் நீலத்தைக் குறைத்தால் போதும். இங்கே அந்த வழி இல்லை. படம் எடுக்கும்போதே லென்ஸ் முன்னால் கண்ணாடி மாட்ட வேண்டும். மஞ்சள் போட்டால் மேகம் சற்றுப் பிரியும், சிவப்பு போட்டால் நீலவானம் ஏறக்குறைய கறுத்துவிடும். முகத்தில் சருமம் வெளிறி உதடும் சேர்ந்து மங்கும். மஞ்சக் கண்ணாடி, செவப்புக் கண்ணாடி என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். எடுப்பவர் கண்ணில் படுவதை ஒட்டிப் பிறந்த பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். மோனோக்ரோமில் அப்படிக் கண்ணில் படுவது நிறம் இல்லாத படம். நிறமிலிக்கு என் ஓட்டு.

– வெ.

———

எனக்கு நிறமிலி என்றால் தண்ணீர் மாதிரி நிறமற்ற பொருள் என்றுதான் தோன்றுகிறது. நிறத்தைக் காணாதது வேறு, நிறம் இல்லாதது வேறு. ஒருநிறமே இருக்கட்டும், பாடநூல்களில் பழகிய சொல்.

– கா.

———

ஒருநிறத்துக்கே நானும். நரைக்கு ஆள் சேராது என்று தெரிந்துவிட்டது.

– இரா.

———

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்துவிட்டது, ஆகவே நிறுத்திக்கொள்கிறேன். தலைப்பில் இணைநோக்கிக் கேமரா. முதல் முறை வருமிடத்தில் மட்டும் 'ரேஞ்ச்ஃபைண்டர் எனப்படும் இணைநோக்கி'. உறுப்பின் இயக்கத்தை விளக்கும் பத்தியில் தொலைவளவி. ஒருநிற உணரி அப்படியே. 'இது நிறத்தைப் பிரித்தறியாது, ஒளியின் அளவை மட்டும் பதியும்' என்று கீழே ஒரு வரி. வெளுத்துப்போதலைச் சொற்பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

– செ.

———

> ஒருநிற உணரி அப்படியே

தவறு என்று தெரிந்தே அச்சேற்றுகிறீர்கள். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அப்புறம், பார்க்கும் சன்னலும் லென்ஸும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் கிட்டத்தில், 0.7 மீட்டரில், சட்டம் நகருமே, அந்தப் பேரலாக்ஸுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? இடமாறு தோற்றப்பிழை என்றால் எனக்கு அதிலும் மறுப்பு உண்டு. அது பிழையே இல்லை.

– த.